சப்டைட்டில் இல்லாத மனிதர்கள்

போன மாதம் ஓர் ஆங்கிலப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் கீழே எழுத்து ஓடவிட்டுத்தான் பார்ப்பேன், உச்சரிப்பு சரியாகப் பிடிபடாத காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. கதாநாயகன் மருத்துவமனை வராந்தாவில் வேகமாக நடந்துபோகிறான். ஓரத்து நாற்காலியில் ஓர் அம்மா, பக்கத்தில் மகன் போல ஒரு பையன். கேமரா அவர்களைக் கடக்கும் அந்த இரண்டு நொடியில் அந்த அம்மா சொல்கிறார்: "அப்பாகிட்ட இன்னும் சொல்லலைப்பா." நல்ல தெளிவான தமிழ். திரையின் கீழே அடைப்புக்குறிக்குள் வந்த எழுத்து, 'வேற்றுமொழியில் பேசுகிறார்'.

மூன்று முறை பின்னால் ஓட்டிக் கேட்டேன். கதைக்கும் அந்த வசனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்த மூன்று சொல்லுக்குள் ஒரு குடும்பமே இருக்கிறது. வீட்டில் ஒரு அப்பா இருக்கிறார், அவருக்குத் தெரியக்கூடாத ஏதோ ஒன்று நடந்திருக்கிறது, அதை எப்படிச் சொல்வது என்று இவர்கள் தவித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த எழுத்தைத் தட்டச்சு செய்தவருக்கோ அது 'கதவு சாத்தும் சத்தம்', 'மழை பெய்கிறது' என்று அடைப்புக்குறிக்குள் போடுகிற ஒலிகளில் ஒன்று.

மேற்கத்தியப் படங்களில் ஆசியர்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்ற பேச்சு வந்தால் நாம் பெரும்பாலும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்வோம். சாமியார், பாம்பாட்டி, குங்ஃபூ, கணக்கில் புலியான பையன், பேசாத அழகி. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மருத்துவமனைக் காட்சிக்குப் பிறகு நான் பழைய படங்களையெல்லாம் காதால் பார்க்க ஆரம்பித்தேன். இந்த ஆள் என்ன மொழி பேசுகிறார், அது யாருக்குப் புரிய வேண்டும் என்று எடுத்திருக்கிறார்கள், தன் ஊர்க்காரரிடம் தனியாகப் பேச அவருக்கு ஒரு நிமிடமாவது கிடைக்கிறதா? இப்படிப் பார்த்தால், நல்ல படம் என்று நினைத்த சிலது சுருங்கிப்போகிறது, மோசம் என்று ஒதுக்கிய சிலவற்றில் எதிர்பாராத ஈரம் தெரிகிறது.

'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்' படத்தைச் சின்ன வயதில் தமிழ் டப்பிங்கில்தான் பார்த்தேன். அதில் எல்லோரும் தமிழ் பேசினார்கள், அதனால் எதுவும் உறுத்தவில்லை. குரங்கு மூளையும் கண்விழி சூப்பும் பரிமாறப்படும் அந்த விருந்துக் காட்சியை வாய்பிளந்து பார்த்தோம். பல வருடம் கழித்து அசல் ஆங்கில வடிவத்தைப் பார்க்கும்போது பக்கத்தில் யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன் இருந்தான். வறண்டுபோன அந்த இந்தியக் கிராமத்து மக்கள் பேசத் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இவை சிங்களம் எல்லோ கதைக்கினம்!"

ஆமாம், சிங்களம்தான். கதை நடப்பது 1935இல், வட இந்தியாவில். திரைக்கதையைப் படித்த இந்திய அரசு மாற்றங்கள் கேட்டது, ஒத்துவராமல் போனதால் படக்குழு கண்டிப் பக்கம் போய்விட்டது. அங்கே கிடைத்த மக்களை வைத்து எடுத்தார்கள், அவர்கள் தங்கள் மொழியில் பேசினார்கள். கோயிலுக்குள் போனால் அம்ரிஷ் பூரி இந்தியில் காளியைக் கூப்பிடுகிறார். இரண்டும் ஒரே ஊர் என்று படம் சொல்கிறது. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று ஏமாற்றியதாகக்கூட எனக்குத் தோன்றவில்லை. கண்டுபிடிக்க இதில் ஏதோ இருக்கிறது என்ற நினைப்பே அவர்களுக்கு வந்திருக்காது. என்னை அதிகம் தொந்தரவு செய்தது வேறொன்று. நண்பன் சொல்லும்வரை நானும் அதை 'ஏதோ ஒரு வடக்கத்தி மொழி' என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்குச் சிங்களம் என்பது எத்தனையோ நினைவுகள் ஒட்டியிருக்கிற மொழி. சோதனைச் சாவடியும் அதில் உண்டு, பள்ளிக்கூடத் தோழனும் அதில் உண்டு. அந்த மொழி ஹாலிவுட்டில் பெயரில்லாத ஏழைகளின் முனகலாக வருவதைப் பார்த்து அவன் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

அந்த 1984ஆம் ஆண்டையே தனியாக எடுத்துப் பார்க்கலாம், அவ்வளவு இருக்கிறது அதில். அதே வருடம் வந்த 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' படத்தில் ஓர் ஆசிய மாணவன் திரையில் தலைகாட்டும்போதெல்லாம் பின்னணியில் சேகண்டி அடிக்கிற மாதிரி ஒரு 'டொய்ங்' வரும். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே படம் அவனுக்காகப் பேசிவிடுகிறது. அதே வருடம் டேவிட் லீனின் 'எ பாஸேஜ் டு இந்தியா'. விக்டர் பானர்ஜி முக்கியமான பாத்திரத்தில் இருக்கிறார், இந்திய நடிகர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனாலும் பேராசிரியர் கோட்போலே என்கிற பிராமணராக வருபவர் ஆங்கில நடிகர் அலெக் கின்னஸ். எத்தனை பெரிய நடிகர் அவர். ஆனால் சுற்றி உண்மையான இந்தியர்கள் நிற்கும்போது நடுவில் அவருடைய குரல் மட்டும் ஒட்டாமல் தனியாக மிதக்கிறது, பாவமாகத்தான் இருக்கிறது.

அதே வருடம்தான் 'த கராத்தே கிட்'. பையனுக்குக் கராத்தே கற்றுத்தரும் மியாகியாக நடித்த பாட் மொரிட்டா கலிஃபோர்னியாவில் பிறந்தவர். மேடையில் ஜோக் சொல்லிப் பிழைத்தவர், அவருடைய சொந்த ஆங்கிலம் அசல் அமெரிக்க ஆங்கிலம். சிறுவனாக முதுகெலும்பில் காசநோய் வந்து வருடக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். குணமாகி வெளியே வந்தவரை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்துவைத்த முகாமுக்குத்தான் அனுப்பினார்கள். அப்படிப்பட்டவர் படத்துக்காக உடைந்த ஆங்கிலத்தை வரவழைத்துக்கொண்டு பேசினார். காதால் பார்க்கிறவனுக்கு இது குறைதான். ஆனால் அந்தப் படத்தில் ஓர் இரவுக் காட்சி உண்டு. மியாகி பழைய ராணுவ உடையைப் போட்டுக்கொண்டு குடித்திருக்கிறார். அவர் ஐரோப்பாவில் அமெரிக்காவுக்காகப் போரிட்டுக்கொண்டிருந்தபோது, மனைவியும் பிறக்கவிருந்த குழந்தையும் அப்படி ஒரு முகாமில் இறந்துபோனார்கள். தந்தியில் வந்த வார்த்தைகளைத் துண்டு துண்டாகச் சொல்கிறார். அந்த இடத்தில் போலி உச்சரிப்பு இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது, முகாமில் வளர்ந்த ஒரு பையனின் சொந்தத் தொண்டை கேட்கிறது. கதையை நகர்த்தாத காட்சி என்று அதை வெட்டச் சொன்னார்களாம். அந்தக் காட்சி இல்லையென்றால் அவருக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே வருடத்தில்தான் 'த கில்லிங் ஃபீல்ட்ஸ்' படமும் வந்தது. கம்போடியப் பத்திரிகையாளர் டித் பிரானாக நடித்த ஹாயிங் எஸ். நோர் நடிகரே இல்லை, மருத்துவர். படித்தவன் என்று தெரிந்தால் கொன்றுவிடுவார்கள் என்று கெமர் ரூஜ் ஆட்சியில் தன் தொழிலை மறைத்து உயிர் பிழைத்தவர். முதல் படத்திலேயே துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார். அந்தப் பிரிவில் அடுத்த ஆசியரின் கைக்கு அது போக 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது வாங்கியவர் கீ ஹுய் குவான், 1984இல் இண்டியானா ஜோன்ஸின் பின்னால் ஓடிய அதே குட்டிப் பையன்.

சரி, இன்னும் பின்னால் போவோம்.

பேசும் படம் வந்த காலத்தில் ஆசியக் குரலுக்கு என்ன ஆனது என்பதை ஒரே ஒரு நடிகையின் வாழ்க்கையிலிருந்து தெரிந்துகொள்ளலாம். ஆனா மே வாங் 1905இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். அவருடைய அப்பாவே கலிஃபோர்னியாவில் பிறந்தவர்தான். மௌனப் படக் காலத்தில் 17 வயதில் கதாநாயகி. முகம் போதும் என்றிருந்த காலம் அது. அமெரிக்காவில் நல்ல வேடம் கிடைக்காமல் ஐரோப்பா போனார், 1929இல் லண்டனில் மேடை நாடகத்தில் நடித்தார். அவர் பேசியதைக் கேட்ட விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். காரணம் என்ன தெரியுமா? அவருடைய அமெரிக்க உச்சரிப்பு. அந்த முகத்திலிருந்து கலிஃபோர்னியா ஆங்கிலம் வருவதை அவர்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு அதுதானே சொந்தக் குரல்! பிறகு அவர் பயிற்சி எடுத்துக்கொண்டு ஆங்கிலேய மேல்தட்டு உச்சரிப்பைப் பழகினார்.

அப்புறம் 1937இல் 'த குட் எர்த்'. சீன விவசாயக் குடும்பத்தின் கதை. கதாநாயகன் வேடம் பால் முனி என்கிற வெள்ளை நடிகருக்குப் போனது. அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் வெவ்வேறு இனத்தவர் காதலிப்பதைத் திரையில் காட்ட விடவில்லை. பால் முனி சீனராக நடிக்கலாம், ஆனால் அவருக்கு ஜோடியாக உண்மையான சீனப் பெண் நடிப்பது சிக்கல். மனைவி வேடம் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரைனருக்குப் போனது, அதற்காக அவர் ஆஸ்கரும் வாங்கினார். ஆனா மே வாங்குக்குக் கொடுக்க வந்தது குடும்பத்தைக் கெடுக்கும் ஆசைநாயகி வேடம். மறுத்துவிட்டார். அந்தச் சமயத்தில் சீனாவுக்குப் போனார். அங்கே போனால் மாண்டரின் என்கிற பொதுச் சீன மொழி தெரியவில்லை, அதையும் ஆள் வைத்துக் கற்க வேண்டியிருந்தது, போதாததற்கு நீங்கள் நடித்த படங்கள் எங்களை அவமானப்படுத்துகின்றன என்ற பேச்சு வேறு. லண்டனுக்கு அவர் அதிகப்படியான அமெரிக்கர், ஹாலிவுட்டுக்கு அதிகப்படியான சீனர், சீனாவுக்கு இரண்டும் இல்லை. 1961இல் இறந்துபோனார். 2022இல் அமெரிக்க அரசு கால் டாலர் நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்தது. மறுபடியும் முகம்தான். நாணயம் பேசாது.

அவர் வாய்ப்புத் தேடி அலைந்த அதே வருடங்களில் ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட், சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளராக 16 படங்களில் நடித்து முடித்தார். நல்லவர், புத்திசாலி, குடும்பஸ்தர் என்று படைக்கப்பட்ட பாத்திரம்தான், அந்தக் காலத்துச் சீன வில்லன்களோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால் அவர் பேச்சைக் கேளுங்கள். பாதி இலக்கணம் காணாமல் போன ஆங்கிலம், வாக்கியத்துக்கு ஒரு பழமொழி. உலகத்தில் எந்தச் சீனர் அப்படிப் பேசுவார்? மூத்த மகனாக வந்த கீ லூக் சீனாவில் பிறந்த உண்மையான சீனர், அவரோ படத்தில் படபடவென்று அமெரிக்க ஆங்கிலம் பேசுவார். 'சீனர் பேசும் ஆங்கிலம்' என்று உலகம் முழுக்கக் கேலிசெய்யப்பட்ட அந்த ஒலியைப் பெரிய அளவில் பரப்பியது ஒரு ஸ்வீடன்காரரின் வாய்.

நம் பக்கத்து ஒலிக்கும் இப்படி ஒரு பரம்பரை உண்டு. பீட்டர் செல்லர்ஸ் 1960இல் 'த மில்லியனெஸ்' படத்தில் இந்திய மருத்துவராகவும், 1968இல் 'த பார்ட்டி'யில் ஹ்ருந்தி பக்‌ஷி என்ற இந்திய நடிகராகவும் முகத்துக்குச் சாயம் பூசி நடித்தார். பக்‌ஷி பாத்திரத்தில் ஒரு கள்ளமில்லாத மென்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்திலிருந்து உலகம் எடுத்துக்கொண்டது மென்மையை இல்லை, தலையாட்டலையும் அந்த ராகத்தையும்தான். 'த சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூனில் கடைக்காரர் அப்புவுக்குக் குரல் கொடுத்த ஹேங்க் அஸாரியா, தன் உச்சரிப்புக்கு மூலம் அந்த செல்லர்ஸ்தான் என்று சொல்லியிருக்கிறார். ஆங்கிலேயர் ஒருவர் இந்தியரை நடித்துக் காட்டினார், அதை அமெரிக்கர் ஒருவர் நடித்துக் காட்டினார், அதை அமெரிக்கப் பள்ளிக்கூட மைதானங்களில் பிள்ளைகள் நடித்துக் காட்டினார்கள். எதிரே நின்றது நம் பிள்ளைகள். 'தேங்க் யூ, கம் அகெய்ன்' என்ற ஒரு வசனத்தை எத்தனை ஆயிரம் குழந்தைகள் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார்கள்! தன் அப்பா அம்மா நண்பர்கள் முன்னால் ஆங்கிலம் பேசிவிடுவார்களோ என்று எத்தனை பேர் கூசியிருப்பார்கள்! இந்திய வம்சாவளி அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017இல் இதைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். 2020இல் அஸாரியா இனி அப்புவுக்குக் குரல் தரப்போவதில்லை என்று அறிவித்தார், பிறகு மன்னிப்பும் கேட்டார். முப்பது வருடம் ஆயிற்று அதற்கு.

அமெரிக்க நகைச்சுவை நடிகர் அஸீஸ் அன்சாரி, தென் கரோலினாவில் வளர்ந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. 1988இல் வந்த 'ஷார்ட் சர்க்யூட் 2' படத்தில் ரோபோவோடு வரும் இந்திய விஞ்ஞானியைப் பார்த்து, நம்மைப் போல ஒருவர் ஹாலிவுட் படத்தில் இருக்கிறாரே என்று சின்ன வயதில் பூரித்துப்போனவர். அவர் இந்தியர் இல்லை, சாயம் பூசிய ஃபிஷர் ஸ்டீவன்ஸ் என்ற வெள்ளையர் என்பது பிற்பாடுதான் அவருக்குத் தெரிந்தது. 2015இல் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதினார், அந்த ஸ்டீவன்ஸையே தேடிப் பேசினார். எனக்கு அந்தக் கோபத்தைவிட அந்தப் பூரிப்பை நினைத்தால்தான் வலிக்கிறது. முகத்தை நம்பிய குழந்தை அது. அந்தக் குரலையும் நம்பியிருக்கும்.

கண்ணுக்குத் தெரிகிற விஷயங்களை வேகமாகக் கடக்கிறேன், நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். டாக்கா என்றாலும் மும்பை என்றாலும் படம் முழுக்க மஞ்சள் காமாலை வந்தது போல ஒரு நிறம் பூசுவது, 2020இல் வந்த 'எக்ஸ்ட்ராக்‌ஷன்' அதற்கு ஓர் உதாரணம். ஜேம்ஸ் பாண்ட் உதய்ப்பூர் வந்தால் ஆட்டோ துரத்தலுக்கு நடுவே ஆணிப் படுக்கையும் நெருப்பு மிதிப்பும் வந்தே தீரும். அந்த 'ஆக்டோபஸி'யில் பாண்டுக்கு உதவுபவராக நம் சென்னையின் விஜய் அமிர்தராஜ் நடித்தார். சூதாட்டத்தில் ஜெயித்த பணத்தை அவர் கையில் திணித்து, இது சில வாரத்துக்குக் குழம்புச் செலவுக்கு ஆகும் என்கிற மாதிரி பாண்ட் சொல்வார். விம்பிள்டனில் கால் இறுதி வரை ஆடிய மனிதரிடம்! வியட்நாம் போர்ப் படங்கள் தனிக் கதை. அவற்றில் வியட்நாமியர் கத்துவார்கள், சாவார்கள், பேசமாட்டார்கள். இந்த வகையில் எனக்கு மிகப் பெரிய மரியாதை கிளின்ட் ஈஸ்ட்வுட்மேல். இவோ ஜிமா தீவுச் சண்டையை அமெரிக்கர் பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்தார், அதே 2006இல் ஜப்பானியர் பக்கத்திலிருந்து, ஜப்பானிய மொழியிலேயே இன்னொரு படம் எடுத்தார். எதிரி வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறான், அம்மாவை நினைக்கிறான், ரொட்டிக்கடை வைத்திருந்ததைச் சொல்கிறான். ஒரு மனிதனைக் கேட்க ஆரம்பித்த பிறகு அவன் சாவதை அவ்வளவு எளிதாகப் பார்க்க முடிவதில்லை.

1954இல் ஜப்பானியர் எடுத்த காட்ஸில்லாவை 1956இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது, ரேமண்ட் பர் என்ற நடிகரை அமெரிக்கப் பத்திரிகையாளராக நடிக்கவைத்து நடுநடுவே ஒட்டினார்கள். ஜப்பானியர்கள் பேசுவார்கள், பக்கத்தில் ஒருவர் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்வார், அவர் நமக்குச் சொல்வார். மீதி வசனங்களை ஆங்கிலத்தில் டப் செய்தார்கள். அப்படிக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹாங், மினியாபொலிஸில் பிறந்த சீன அமெரிக்கர். அதன் பிறகு நூற்றுக்கணக்கான படங்கள், தொடர்கள், பெரும்பாலும் சின்னச் சின்ன வேடங்கள். 2022இல், தொண்ணூறு தாண்டிய வயதில், 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்தில் சக்கர நாற்காலித் தாத்தாவாக வந்து தென் சீனத்துக் கான்டனீஸ் மொழி பேசுகிறார்.

அந்தப் படத்தை ஏழு ஆஸ்கர் வாங்கிய படம், பல பிரபஞ்சங்களில் நடக்கும் சண்டைப் படம் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அது ஒரு சலவைக்கடை மேஜையில் நடக்கிற பேச்சு. மிஷெல் யோவின் பாத்திரம் அப்பாவிடம் கான்டனீஸ் பேசுகிறது, கணவரிடம் மாண்டரினில் சீறுகிறது, மகளிடம் ஆங்கிலத்துக்குத் தாவுகிறது, ஒரே மூச்சில். தாத்தாவிடம் தன் காதலியைப் பற்றிச் சொல்ல வருகிற மகளுக்குச் சீனச் சொற்கள் நாக்கில் வரமாட்டேன் என்கின்றன. அம்மா குறுக்கே புகுந்து 'நல்ல சிநேகிதி' என்று மாற்றிச் சொல்லிவிடுகிறாள். அந்த ஒரு சொல் மாற்றத்தில் மகளின் முகம் விழுகிறதே, அதிலிருந்துதான் முழுப் படமும் கிளம்புகிறது. மூன்று தலைமுறை மூன்று மொழியில் வாழ்கிற எந்த வீட்டிலும் இது நடக்கும். இதை அந்த வீட்டுக்குள்ளிருந்து கேட்டவர்களால்தான் எழுத முடியும்.

உள்ளேயிருந்து வந்தவர்கள் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. மாஹேயில் பிறந்த எம். நைட் ஷியாமளன் 2010இல் 'த லாஸ்ட் ஏர்பெண்டர்' எடுத்தார். ஆசியப் பண்பாடுகளை வைத்துப் பின்னிய கதை. பாத்திரங்களின் பெயர்களை ஆசிய முறைப்படி உச்சரிக்க வேண்டும் என்று மெனக்கெட்டு மாற்றினார், ஆனால் முக்கியமான மூன்று நல்ல பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகள், நெருப்பு நாட்டு எதிரிகள் தேவ் பட்டேல் உட்பட மாநிறத்தவர். பெயர் உச்சரிப்பில் அவ்வளவு கவனம் வைத்த ஒருவர் அந்தப் பெயரை யார் சுமக்கிறார்கள் என்பதை எப்படி விட்டார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 2018இல் 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' வந்தபோது கொண்டாட்டம்தான், நானும் கொண்டாடினேன். ஆனால் கதை நடப்பது சிங்கப்பூரில். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கிற நாடு அது. படத்தில் இந்திய முகமாக என் நினைவில் தங்கியது மாளிகை வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற தலைப்பாகைக் காவலர்கள் மட்டும்தான்.

'லைஃப் ஆஃப் பை' எனக்குப் பிடித்த படம். புதுச்சேரிக் குடும்பம், தொடக்கத்திலேயே பாம்பே ஜெயஸ்ரீயின் குரலில் தமிழ்த் தாலாட்டு, அது ஆஸ்கருக்குப் பரிந்துரையும் ஆனது. அந்தப் பாட்டு திரையரங்கில் ஒலித்தபோது உடம்பு சிலிர்த்தது. ஆனால் பாட்டு முடிந்ததும் அந்த நான்கு பேரும் சாப்பாட்டு மேஜையில் தங்களுக்குள் பெரும்பாலும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். பாடும்போது தமிழ், சண்டை போடும்போது ஆங்கிலம். ஒரு மொழியை அழகுக்கு மட்டும் வைத்துக்கொள்வதும் அதைப் பேசவிடாமல் செய்வதுதான்.

இதைச் சொல்லும்போது நம் வீட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ் சினிமாவில் வட்டிக்கடை சேட்டும், டீக்கடை மலையாளியும் எப்படிப் பேசுவார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். '7ஆம் அறிவு' படத்தின் சீன வில்லனாக வந்தவர் வியட்நாமில் பிறந்த அமெரிக்க நடிகர் ஜானி ட்ரை நியூயென், நாம் யாரும் வித்தியாசம் கேட்கவில்லை. 'படோசன்' காலத்திலிருந்து இந்திப் படங்களில் 'மதராசி' பேசுகிற பேச்சுக்கு நமக்கு வருகிற எரிச்சல் இருக்கிறதே, அதே எரிச்சலை நாமும் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கடைசியாக 'தீபன்'. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார் எடுத்தது, 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கியது. ஓடியாருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் படத்தின் பெரும்பகுதி தமிழ். கதாநாயகனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி, சிறுவயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, பிறகு பிரான்ஸில் அகதியானவர். மனைவியாக நடித்தவர் சென்னையின் காளீஸ்வரி சீனிவாசன். இறந்துபோன ஒருவனின் பாஸ்போர்ட்டில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணையும் தாயில்லாத ஒரு சிறுமியையும் குடும்பம் என்று காட்டி ஒருவன் பாரிஸ் வந்து சேர்கிறான். அகதி விசாரணையில் பிரெஞ்சு அதிகாரி கேள்வி கேட்கிறார், மொழிபெயர்க்க ஒரு தமிழர் உட்கார்ந்திருக்கிறார். அவரும் இவனும் தமிழில் தங்களுக்குள் பேசிக்கொள்வது அதிகாரிக்குப் புரியாது. நமக்குப் புரியும். இத்தனை வருடம் ஹாலிவுட் படங்களில் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, முதல்முறையாக அறைக்குள் இடம் கிடைத்த மாதிரி இருந்தது.

படத்தின் முடிவோடு எனக்குச் சண்டை உண்டு. அவ்வளவு நேரம் மெல்ல மெல்ல ஒரு மனிதனைக் காட்டிவிட்டுக் கடைசியில் அவன் கையில் கத்தியைக் கொடுத்து ஒரு பழிவாங்கும் படமாக்கிவிட்டார்கள். போர் தெரிந்த தமிழன் என்றால் கடைசியில் வெட்டத்தான் வேண்டுமா? ஈழத்து நண்பர்கள் பலர் இதற்காகவே அந்தப் படத்தை மன்னிக்கவில்லை, அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நடுவில் ஒரு சின்னக் காட்சி. அவர்கள் இருவரும் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே இருக்கிறவர்கள் ஜோக் சொல்லிச் சிரிக்கிறார்கள், சொற்கள் புரிந்தாலும் தனக்குச் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது என்று தீபன் சொல்கிறான். அது மொழிப் பிரச்சினை இல்லை, உனக்கு நகைச்சுவை உணர்ச்சியே கிடையாது, தமிழிலும் நீ அப்படித்தான் என்கிற மாதிரி அவள் பதில் சொல்கிறாள். அந்தப் படத்தையும் அதே யாழ்ப்பாணத்து நண்பனோடுதான் பார்த்தேன். அரங்கம் கீழே ஓடிய எழுத்தைப் படித்துச் சிரிப்பதற்கு ஒரு நொடி முன்பே அவன் சத்தமாகச் சிரித்துவிட்டான், முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.